நம்மைத் துரத்திய அதே வாதம்

பேராக்கின் ஈப்போ வட்டாரத் தமிழர்களிடையே அண்மையில் ஒரு கட்டுரை பரவியது. எழுதியவரின் பெயர் இங்கே தேவையில்லை. அதே கருத்தைக் கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே நான் பதில் சொல்வது ஒரு மனிதருக்கல்ல, நம்மிடையே வேர் பிடித்துவரும் ஒரு வாதத்துக்கு. சோமாலியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் தப்பி வந்து மலேசியாவில் தங்கியிருக்கும் ஆப்பிரிக்க அகதிகளின் தனிமையை, ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட பேராக் தமிழர்களின் துயரத்தோடு சேர்த்துப் பேசுவது நம் முன்னோர்களுக்கு இழுக்கு என்கிறார் கட்டுரையாளர். அதற்கு நான்கு காரணங்களை அடுக்குகிறார். நாம் உழைக்க வந்தவர்கள், அவர்கள் ஓடி வந்தவர்கள். நாம் உழைத்து நாட்டைக் கட்டினோம், அவர்கள் உழைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கே வழியில்லாதபோது அவர்களுக்கு எதற்கு? தனிமை என்பது ஒரு மனக்குறை, அதற்கு யாரும் பொறுப்பல்ல. இவற்றோடு, ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று முடிக்கிறார்.

நான்கும் தவறு. முடிவும் தவறு. வரலாறு தெரியாததால் வந்த தவறு என்றால் பொறுத்துப் போகலாம். ஆனால் நம் குடும்பங்கள் நேரில் அனுபவித்த வரலாற்றையே இந்தக் கட்டுரை அழித்து எழுதுகிறது. அதனால்தான் இதைக் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதல் காரணத்திலிருந்து தொடங்குகிறேன். நாம் உழைக்க வந்தவர்கள் என்பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கட்டுரையாளர் மறைக்கிறார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் பேர் பசியில் செத்தார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று காவிரிக் கரையிலும் வறண்ட பகுதிகளிலும் நிலமில்லாத கூலிகளாக, பண்ணையடிமைகளாக, தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத சாதிகளாக இருந்தவர்கள்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். வயிற்றில் பசி, தலையில் கடன், முதுகில் பண்ணையாரின் அடி. இவை மூன்றிலிருந்தும் தப்பி வந்தவர்களை 'ஓடி வந்தவர்கள்' என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? ஆள்சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம் கப்பலேறும்போதே கடனாக ஏறியது. பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் அடைத்து வைத்து, பிறகு ஆட்களைப் பிரித்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வரும்வரை, தோட்டத்தை விட்டு ஓடிய கூலியைப் பிடித்துச் சிறையில் போடும் சட்டமும் இருந்தது.

இன்று ஒரு சோமாலியக் குடும்பம் எதிலிருந்து ஓடி வருகிறது? 1991 ஜனவரியில் அதிபர் சியாட் பாரேயின் ஆட்சி கவிழ்ந்த பிறகு அந்த நாட்டில் நிலையான அரசே இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இனக்குழுச் சண்டை, பிறகு அல்-ஷபாப் ஆயுதக் குழு, இவற்றுக்கு நடுவே மீண்டும் மீண்டும் பஞ்சம். சூடானில் 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் இடையே தொடங்கிய போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறது. பஞ்சத்திலிருந்து தப்பி வந்த நம் கொள்ளுப்பாட்டிக்கும் பஞ்சத்திலும் குண்டிலும் இருந்து தப்பி வரும் இந்தத் தாய்க்கும் நடுவே ஒரு கோடு போட்டு, ஒருத்திக்கு மாலையும் மற்றவளுக்கு வசையும் கொடுப்பது நேர்மையல்ல.

வந்த பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். நாம் உழைத்ததால் இந்த நாடு நம்மை ஏற்றுக்கொண்டது என்று கட்டுரையாளர் நம்புகிறார். உண்மை வேறு. 1930-க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்ததும், அதுவரை பால்மரம் வெட்டிய பல்லாயிரம் பேரைத் தோட்டங்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. ஜப்பானியர் காலத்தில் பேராக் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை லாரியில் ஏற்றிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து சென்ற எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமானது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் குற்றவாளிகள் அல்லர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவுவதாகச் சந்தேகத்துக்கு உள்ளானதே அவர்கள் செய்த குற்றம்.

அதன் பின்னர் சுதந்திரம் வந்தது. 1957-க்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பம் வேண்டும், மலாய் மொழித் தேர்வு வேண்டும், பிறந்த தேதிக்குத் தாள் வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, இருட்டோடு மரத்துக்குப் போய்ப் பால் மங்கு கவிழ்த்த மனிதருக்கு அந்தத் தாள் எங்கிருந்து கிடைக்கும்? பலர் விண்ணப்பிக்கவே இல்லை. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. 1969-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களாகத் தமிழர்கள் ஆனார்கள். சுமார் அறுபதாயிரம் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அன்று நம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எவை? நீ எந்த ஊர்? உன் தாள் எங்கே? உனக்கு இங்கே என்ன உரிமை? இன்று ஓர் ஆப்பிரிக்க அகதியைப் பார்த்துக் கட்டுரையாளர் கேட்கும் கேள்விகளும் இவையே. ஒரே வேறுபாடு, அன்று அவற்றைக் கேட்டது அரசாங்க மேசை, இன்று கேட்பது அந்த மேசையின் முன் நின்றவரின் பேரன்.

இரண்டாவது காரணம், அகதிகள் உழைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை, 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. நம் சட்டத்தில் அகதி என்ற வகையே கிடையாது. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் பார்வையில் சூடானிலிருந்து தப்பி வந்த ஆசிரியையும் சட்டவிரோதக் குடியேறிதான். அந்தச் சட்டப்படி பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை தண்டனை விதிக்கலாம். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தால் போலீஸ் சில நேரம் விட்டுவிடும், சில நேரம் விடாது. அந்த அட்டை வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. அவர்கள் வேலை செய்தால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. செய்யாவிட்டால் சோம்பேறிகள் என்று கட்டுரையாளர் சொல்கிறார். ஒரு மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பார்?

உண்மையில் அவர்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். உணவுக்கடையின் பின்கட்டில், கட்டட வேலையில், பசாரில் மூட்டை தூக்குவதில், கார் கழுவுவதில். சம்பளத்தைப் பாதியாகக் கொடுத்தாலும், கொடுக்காமலே விட்டாலும் புகார் செய்ய அவர்களுக்கு இடமில்லை. புகார் செய்யப் போகிறவரே கைதாகலாம். தோட்டத் துரை வைத்ததுதான் கூலி, கணக்கர் கிராணி எழுதியதுதான் கணக்கு என்று வாழ்ந்த சமூகத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. மியன்மாரிலிருந்து வந்த முந்நூறு ரோஹிங்கியா அகதிகளுக்குத் தோட்டத்துறையிலும் உற்பத்தித் துறையிலும் வேலை செய்ய அனுமதிக்கும் ஒரு முன்னோட்டத் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017-இல் தொடங்கியது. அது நிலைக்கவில்லை. ஊரை விட்டு ஒதுங்கிய தோட்டத்துக்குக் குடும்பத்தைப் பிரிந்து போகச் சொன்னால் யார் போவார்கள்? அகதிகளுக்கு வேலை உரிமை கொடுத்தால் நாட்டின் உற்பத்தி மதிப்பு 2024-க்குள் ஆண்டுக்கு முந்நூறு கோடி ரிங்கிட்டுக்கு மேல் உயரும் என்று கோலாலம்பூரின் ஐடியாஸ் ஆய்வு நிறுவனம் 2019-இல் கணித்தது. உழைப்பைத் தடுப்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்காமல், தடுக்கப்பட்டவரைப் பழிப்பது கோழைத்தனம்.

மூன்றாவது காரணத்தில் ஒரு நியாயமான வலி இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. பேராக்கில் தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களில் இன்றும் வறுமை இருக்கிறது. நாடற்றவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐ.சி. வைத்துக்கொண்டே செத்துப்போன முதியவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. அறுபது வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. சுதந்திரம் பெற்று அறுபது ஆண்டு கழித்தும் அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது என்பதே எவ்வளவு பெரிய அநீதி! நம் பிள்ளைகளுக்கே வழியில்லை என்று ஒருவர் குமுறும்போது அந்தக் குமுறல் பொய்யல்ல.

ஆனால் அந்த வழியை அடைத்தது யார்? 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்ததே அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். பிறகு ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். குறைந்த ஆளையும் குத்தகைக்காரர் மூலம் வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாக மாறின. லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்குக் கொஞ்சம் ரொக்கத்தைக் கொடுத்து வெளியே போகச் சொன்னார்கள். இந்த முடிவுகளில் எந்த ஒன்றையும் ஒரு சோமாலியர் எடுக்கவில்லை. அவற்றை எடுத்தவர்களுக்குப் பெயர் உண்டு, கம்பெனி உண்டு, அமைச்சு உண்டு. அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியைத் தாள் இல்லாத அகதியிடம் கேட்பது எளிது, ஏனென்றால் அவரால் திருப்பிக் கேட்க முடியாது.

எண்ணிக்கையையும் பார்ப்போம். மூன்று கோடிக்கும் மேல் மக்கள் வாழும் இந்த நாட்டில் ஐ.நா. ஆணையத்தில் பதிவு செய்த அகதிகள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். சோமாலியர்கள் மூவாயிரம் பேர் அளவில்தான். சூடானியர்கள் அதைவிடக் குறைவு. அவர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதியைக் கட்ட வேண்டும், அதுவே ஒரு பிரசவத்துக்குக் குடும்பத்தைக் கடனில் தள்ளும் தொகை. நம் பிள்ளையின் தட்டிலிருந்து இவர்கள் எதை எடுத்தார்கள்?

அதே பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2014 மே மாதம் ஐ.நா. ஆணையத்தின் பாதுகாப்பில் இருந்த மூன்று இலங்கையர்களை மலேசியா கைது செய்து கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அப்போது நம்மில் பலர் கொதித்தோம். நியாயமான கொதிப்பு. ஆனால் அகதிக்கு உரிமை தேவையில்லை என்று சட்டத்தை எழுதினால், அந்தச் சட்டம் ஈழத் தமிழருக்கு மட்டும் விலக்குத் தராது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தமும் இதையே காட்டுகிறது. நிரந்தரவாசியின் பிள்ளை இங்கே பிறந்தால் தானாகவே குடிமகனாகும் வாய்ப்பை அந்தத் திருத்தம் எடுத்துவிட்டது. வெளியாரைத் தடுப்பதற்கு என்று சொல்லப்பட்ட விதி நேராகச் சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் தோட்டக் குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது. அகதிக்கு எதிராகச் சாத்தும் கதவில் நம் விரலே சிக்கும்.

நான்காவது காரணம், தனிமை ஒரு மனக்குறை என்பது. கட்டுரையின் மிகக் கொடிய பகுதி இது. தனிமை மனதில் தோன்றும் வாட்டம் மட்டும்தானா? ஒரு மனிதரைத் தனியாக்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு வேலை செய்யும் உரிமையை மறுங்கள், சகாக்கள் இருக்க மாட்டார்கள். பிள்ளைக்குப் பள்ளியை மறுங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழக்கம் ஏற்படாது. சாலைத் தடுப்பைக் கண்டால் பயம் வரும்படி செய்யுங்கள், மாலையில் வெளியே வரமாட்டார். எத்தனை ஆண்டு இங்கே இருக்கலாம் என்பதைச் சொல்லாமல் வையுங்கள், வீட்டுக்கு ஒரு மேசை வாங்கக்கூடத் தயங்குவார். இவ்வளவையும் தாள் செய்கிறது. மனம் கடைசியில்தான் வாடுகிறது.

ஒரு சோமாலியக் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். தாய் மொகதிஷுவில். அண்ணன் 1991 முதல் இயங்கிவரும் கென்யாவின் டடாப் முகாமில். அக்காள் அமெரிக்காவின் மின்னசோட்டாவில். தம்பி கோம்பாக்கில் ஓர் அடுக்குமாடி அறையில். இப்படிக் கண்டங்களாகச் சிதறிய குடும்பங்கள் சோமாலியர்களிடையே ஏராளம். மறுகுடியேற்றம் கிடைத்தால் ஒன்றுசேரலாம் என்ற ஒரே நம்பிக்கையில் ஆண்டுகள் போகும். 2017 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் சோமாலியா, சூடான் உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குக் கதவை மூடினார். 2025 ஜனவரியில் அகதிகளை ஏற்கும் திட்டத்தையே நிறுத்தினார். பேட்டி முடிந்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, பயணத் தேதிக்குக் காத்திருந்தவர்களின் கோப்புகள் அப்படியே நின்றன. தாய் செத்தால் மொகதிஷுவுக்குப் போக முடியாது. போனால் திரும்ப முடியாது. இதை மனக்குறை என்று ஒதுக்குகிறவர், தன் தாயின் சாவுக்குப் போக முடிந்த அதிர்ஷ்டசாலி.

இந்தத் தனிமை நமக்குப் புதிதா? செம்மோரிலும் கம்பாரிலும் தாப்பாவிலும் தோட்டம் கலைந்தபோது என்ன நடந்தது? மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கடனுக்குச் சாமான் கொடுத்த கடை, செத்தால் தூக்க நாலு பேர், எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்த வாழ்க்கை ஓர் அறிவிப்புக் கடிதத்தில் முடிந்தது. அக்கம்பக்கம் முழுதும் உறவாக இருந்த கிழவி, நாலாவது மாடிக் குறைந்த விலை வீட்டில் யாரையும் தெரியாமல் உட்கார்ந்தார். பிள்ளைகள் வேலை தேடிச் சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் போனார்கள். கள்ளிலும் சாராயத்திலும் எத்தனை ஆண்கள் அழிந்தார்கள், எத்தனை இளைஞர்கள் குண்டர் கும்பலில் சேர்ந்தார்கள் என்பதை நாமே மேடைகளில் பேசுகிறோம். அதற்குக் காரணம் தோட்டத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்டதுதான் என்று நாம்தான் வாதாடுகிறோம். நம் இடப்பெயர்வுக்குச் சமூகக் காரணம், ஆப்பிரிக்கரின் இடப்பெயர்வுக்கு மனக்குறையா?

வீட்டு வாடகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கர்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு பற்றிய செய்தி பத்தாண்டுகளுக்கு முன் சிலாங்கூரிலிருந்து வந்தது. வாடகை விளம்பரங்களில் இந்தியர் வேண்டாம் என்று எழுதும் வழக்கமும் இதே நாட்டில்தான் இருக்கிறது. நம் இளைஞர்கள் குரலைக் கேட்டதும் வீடு காலியில்லை என்ற பதிலைக் கேட்டு வளர்கிறார்கள். அந்த அவமானத்தை அறிந்த ஒருவர், தோலின் நிறத்தைக் காட்டி இன்னொருவரைக் குற்றவாளி என்று எழுதத் துணியலாமா? ஆப்பிரிக்கர்களில் சிலர் மோசடி செய்தார்கள், போதைப்பொருள் விற்றார்கள் என்று கட்டுரை சுட்டுகிறது. செய்தவரைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் குண்டர் கும்பல் செய்தி வரும்போதெல்லாம் இந்திய இளைஞர் எல்லாரையும் அதில் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சுகிற சமூகம் நாம். நாம் கேட்கும் நியாயத்தை மற்றவருக்கு மறுத்தால், நாம் கேட்டது நியாயமே அல்ல, சலுகை.

ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு வருகிறேன். பேராக்கின் வரலாறே இதை மறுக்கிறது. பேராக்கைப் பிரிட்டிஷ் பிடிக்குள் கொண்டுவந்த 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு, இங்குள்ள லாருட்டில் பிரிட்டிஷ் துணை ரெசிடெண்டாக அமர்ந்தவர் கேப்டன் ஸ்பீடி. தைப்பிங் நகரத்தின் தொடக்கக் கதை அவர் பெயர் இல்லாமல் எழுதப்படுவதில்லை. இந்தியாவிலிருந்து சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு லாருட்டுக்கு வந்தவர் அவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1868-இல், எத்தியோப்பியாவின் மக்டலா கோட்டையைப் பிரிட்டிஷ் படை பிடித்தபோது பேரரசர் தெவோட்ரோஸ் தற்கொலை செய்துகொண்டார். ஏழு வயது மகன் அலெமாயேகுவைக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். தாயும் வழியிலேயே இறந்தார். அந்தச் சிறுவனின் பாதுகாவலர் இதே ஸ்பீடிதான். மொழி தெரியாத நாட்டில், கைமாறிக் கைமாறி வளர்ந்த அந்தப் பிள்ளை 1879-இல் பதினெட்டு வயதில் இங்கிலாந்தில் நோயுற்று இறந்தான். அவன் உடல் இன்றும் விண்ட்சர் கோட்டையில் கிடக்கிறது. உடலைத் திருப்பித் தரும்படி எத்தியோப்பியா கேட்டும், 2023-இல் பக்கிங்ஹாம் அரண்மனை மறுத்தது. எத்தியோப்பியச் சிறுவனை ஊரை விட்டுப் பிரித்த பேரரசுதான் தஞ்சாவூர்க் கூலியைப் பேராக்கின் காட்டுக்குள் இறக்கியது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே கூட்டம்.

நம் காலத்துக்கே வருவோம். 1993 அக்டோபரில் மொகதிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்கச் சிப்பாய்களை மீட்கச் சென்றது மலேசியப் படை. மாட் அஸ்னான் அவாங் என்ற மலேசிய வீரர் அங்கே உயிர்விட்டார். சோமாலியாவுக்கு அமைதி வர வேண்டும் என்று சிப்பாயை அனுப்பி உயிரையும் கொடுத்த நாடு, அந்த அமைதி வராததால் தப்பி வந்தவரைப் பார்த்து நீ யார் என்று கேட்கக் கூடாது. 2009-இல் கோலாலம்பூரில் சோமாலிய அகதிப் பிள்ளைகளுக்காகப் பியூஜி பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர் மலேசியரான டெபோரா ஹென்றி. இந்தியத் தந்தைக்கும் அயர்லாந்துத் தாய்க்கும் பிறந்தவர். தொடர்பு என்பது எங்கோ கல்வெட்டில் இருப்பதல்ல. ஒருவர் செய்தால் உண்டாகிறது.

உகாண்டாவில் 1972-இல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு கொடுத்து இந்தியர்களை விரட்டியதைக் கட்டுரையாளர் நினைவூட்டுகிறார். ஆப்பிரிக்கர் நமக்குச் செய்தது இது என்கிறார். அமீன் கொன்று குவித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உகாண்டாவின் கறுப்பின மக்கள்தான். ஒரு கொடுங்கோலனின் செயலை ஒரு கண்டத்தின் தலையில் கட்டுவது எந்த நீதி? 1948-இல் இலங்கை மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது, 1964 ஒப்பந்தத்தில் அவர்களைக் கேட்காமலே ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்குப் பங்கு போட்டது, இவை எந்தக் கண்டத்தின் குற்றம்? விரட்டுபவன் எல்லாக் கண்டத்திலும் இருக்கிறான், விரட்டப்படுபவனும்தான். நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

இவர்கள் யாரும் பேராக்கில் இல்லையே, கிள்ளான் பள்ளத்தாக்கின் சிக்கல்தானே என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்க அகதிகளில் பெரும்பாலோர் அங்கே வசிப்பது உண்மை. ஆனால் அகதிகளை அடைத்து வைக்கும் முகாம்கள் பேராக்கில் இருக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் நாள் இரவு பீடோர் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பி ஓடினார்கள். அவர்களில் 115 பேர் ரோஹிங்கியாக்கள். நெடுஞ்சாலையில் வாகனம் மோதி ஒருவர் இறந்தார். மற்றவர்களைச் செம்பனைத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் தேடிப் பிடித்தார்கள். எந்தத் தோட்டங்கள் அவை? ஒரு காலத்தில் நம் மக்கள் ரப்பர் பால் வெட்டிய நிலம். 2019 ஆகஸ்ட் முதல் ஐ.நா. ஆணையத்தை இத்தகைய முகாம்களுக்குள் விடுவதில்லை. உள்ளே அகதி யார், குழந்தைகள் எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. நம் ஊரில் நடப்பதை நம் சிக்கலல்ல என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

ஆகவே கட்டுரையாளரின் வாதத்தில் நிற்பதற்குத் தகுதியானது எதுவுமில்லை. வந்த வழியில் பொய், உழைப்பில் அநியாயம், பங்கீட்டில் திசைதிருப்பல், தனிமையில் இரக்கமின்மை. நம் வறுமைக்கான கோபத்தை அது உரியவர்களிடமிருந்து திருப்பி, நம்மைவிட ஏழையானவர் மீது எறிகிறது. இதனால் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் வேலை கிடைக்காது, ஒரு சிவப்பு ஐ.சி.யும் குடிமகனின் நீல ஐ.சி. ஆகாது.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அகதிகளுக்குச் சட்டபூர்வமான வேலை உரிமையும் அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட இடமும் வேண்டும் என்று பேராக்கின் தமிழ் அமைப்புகள் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். நாடற்ற இந்தியர்களுக்காக நாம் எழுதும் மனுக்களிலேயே இதையும் சேர்க்க வேண்டும். தடுப்பு முகாம்களுக்குள் ஐ.நா. ஆணையத்தை அனுமதிக்க வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களை வற்புறுத்த வேண்டும். பேராக்கில் 134 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் கலைந்ததால் மாணவர் குறைந்து நிற்பவை அவற்றில் பல. அவற்றின் பக்கத்திலேயே இருக்கும் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் அகதிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த நம்மிடம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கடை வைத்திருப்பவர்கள் வேலை வாங்கினால் முழுக் கூலி கொடுங்கள். வீடு வைத்திருப்பவர்கள் நிறத்தைப் பார்க்காமல் வாடகைக்கு விடுங்கள்.

கங்காணியின் கடன் சீட்டில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அகதியைப் பார்த்து உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. அவருக்கு வேலை செய்ய உரிமை கொடு என்று அரசாங்கத்தைக் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.